"கொஞ்சம்தான் சொட்டும்": இயந்திர எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் தடுப்பது எப்படி?

பெங்களூரில் பீன்யாவோ பொம்மசந்திராவோ, எந்தப் பட்டறைக்குள் போனாலும் ஏதாவது ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸின் அடியில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும். கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான் சார், கொஞ்சம் சொட்டும்" என்பார்கள். அதன்மேல் ஒரு கோணிச்சாக்கைப் போட்டுவிட்டு வேலை நடக்கும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு, அது எங்கே போகிறது, தண்ணீரில் சேராமல் எப்படித் தடுப்பது என்பதை இங்கே பார்க்கலாம். சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள், மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்தில் ஜெனரேட்டர், மோட்டார் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய்க்குத் தோராயமாக 20 சொட்டு. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு, அதாவது 4 லிட்டருக்கும் மேல். 210 லிட்டர் பேரல் ஒன்று ஐம்பது நாளுக்குள் தீர்ந்துவிடும். இந்த அளவு கசிவு கண்ணில் படும், யாராவது சத்தம் போடுவார்கள். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுவே வருஷத்துக்கு 150 லிட்டரைத் தாண்டிவிடும். சந்தேகமாக இருந்தால் ஸ்டோர் ரிஜிஸ்டரை எடுத்து, "டாப்-அப்" என்று எழுதி வாங்கிப்போன எண்ணெயை வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஹைட்ராலிக் இயந்திரம் எண்ணெயை எரிப்பதில்லை. ஊற்றிய டாப்-அப் ஏறக்குறைய முழுவதும் எங்கோ வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம்.

இனி தண்ணீர்ப் பக்கக் கணக்கு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுவான அளவின்படி, ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயும் கிரீஸும் இருக்கக் கூடாது. பொதுச் சாக்கடையில் விடுவதாக இருந்தால் 20 மில்லிகிராம். ஒரு லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெயின் எடை ஏறக்குறைய 870 கிராம். வகுத்துப் பார்த்தால், ஒரே ஒரு லிட்டர் எண்ணெய் 87,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த 10 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுபோய்விடும். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் டேங்கரில் ஏழு லோடு. "ஒரு லிட்டர் எண்ணெய் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும்" என்று ஒரு வரி எல்லா போஸ்டரிலும் இருக்கிறதே, அது பொய் இல்லை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கடுமையான அளவுகோலை வைத்தால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். எந்த அளவுகோல் என்று சொல்லாமல் போஸ்டர் அடிப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

பரப்பளவில் பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மினுமினுக்கும் படலம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் தடிமனில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். நம்ம ஊர்க் கணக்கில் முப்பதுக்கு நாற்பது அடி சைட் ஒன்பது. படலம் தடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவது குறைகிறது. மீனின் செவுளிலும் பறவையின் இறகிலும் ஒட்டுகிறது. ஒரு பகுதி சேற்றோடு ஒட்டி அடியில் படிந்து, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. பழைய இன்ஜின் ஆயிலாக இருந்தால் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிந்து உருவான நச்சுப் பொருள்களும் கூடவே வரும்.

வாசலில் இருக்கும் காலுவே (வடிகால்) எங்கே போகிறது?

இதை முதலில் தெரிந்துகொள்ளாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. நகரத்தில் இரண்டு விதமான வடிகால் உண்டு. ஒன்று பூமிக்கடியில் போகும் சாக்கடை. இங்கே எல்லோரும் யூ.ஜி.டி. என்பார்கள். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. இன்னொன்று ரோட்டோரத்து மழைநீர் வடிகால். அது ராஜகாலுவே என்னும் பெரிய வடிகாலில் சேர்ந்து, நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஏரிக்குப் போகும். பட்டறை முற்றத்தில் விழும் மழை பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இறங்குகிறது. முற்றத்தில் கிடக்கும் எண்ணெய்க்கும் அதே வழிதான்.

அப்புறம்? பீன்யாப் பக்கத்து வடிகாலில் கணிசமான பகுதி விருஷபாவதி ஆற்றில் இறங்குகிறது. விருஷபாவதி பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் சேருகிறது. அர்க்காவதி, மேகேதாட்டுக்குச் சற்று மேலே சங்கமாவில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர். நகரத்தின் கிழக்குப் பக்கம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வெளியேறும் தண்ணீர் தட்சிண பினாகினியில் போய், ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையை நிரப்புகிறது. அதைத்தான் நாம் தென்பெண்ணை என்கிறோம். ஆக, தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இங்கே வந்து பிரஸ் ஓட்டுகிறவர் தன் ஊர் ஆற்றின் மேல்பக்கத்தில் நின்றுகொண்டு வேலை செய்கிறார். ஒரு பட்டறையின் ஒரு லிட்டர் மேட்டூரைக் கெடுத்துவிடாது, அவ்வளவு தூரத்தில் கரைந்து காணாமல் போகும். அடி வாங்குவது பக்கத்து ஏரியும், காலுவே ஓரத்து மண்ணும், அதை ஒட்டி இருக்கும் போர்வெல்களும்தான்.

தண்ணீர் தொடுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும்

இந்த விஷயத்தில் அடிப்படை ஒன்றே ஒன்றுதான். எண்ணெயைக் காய்ந்த தரையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தண்ணீரைத் தொட்டால் வேலை கூடும். தண்ணீரோடு சேர்த்துக் கலக்கிவிட்டால் வேலை பல மடங்காகும்.

காரணம் சொட்டின் அளவு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நேரத்தில் மேலே வரும் என்பதுதான் கேள்வி. 150 மைக்ரான் விட்டமுள்ள ஒரு சொட்டு ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரப் பத்து நிமிஷம் போல ஆகும். அதே எண்ணெய் 15 மைக்ரான் சொட்டாக உடைந்திருந்தால் பதினேழு மணி நேரத்துக்கும் மேல். சொட்டு பத்து மடங்கு சின்னதானால் மேலே வரும் வேகம் நூறு மடங்கு குறைகிறது. இதற்கு ஸ்டோக்ஸ் விதி என்று பெயர். கறிக்குழம்பு மேல் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அதையே மிக்ஸியில் அடித்துவிட்டால் எடுக்க முடியாது. பட்டறையில் அந்த மிக்ஸி வேலையைச் செய்பவை மூன்று: பிரஷர் வாஷர், சோப்புத்தூள், வேகமாகச் சுற்றும் பம்ப். எண்ணெய்த் திட்டில் சோப்புத்தூளைத் தூவி, ஹோஸ் வைத்துக் கழுவித் தள்ளுகிறோமே, தரை பளபளவென்று ஆகிறது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சொட்டுகளாக உடைந்து, எந்தத் தொட்டியிலும் பிடிபடாத வடிவத்தில் காலுவேக்குப் போய்விடுகிறது. சுத்தம் என்ற பெயரில் செய்யும் வேலைகளில் மோசமானது இதுதான் என்பேன்.

லேத்திலும், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினிலும் வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஓடும் பால் மாதிரியான கூலன்ட் தொடக்கத்திலேயே இப்படிக் கலக்கப்பட்ட எண்ணெய்தான். அது பிரியாமல் இருக்க வேண்டும் என்றே மருந்து சேர்த்துத் தயாரிக்கிறார்கள். அதனால் பழைய கூலன்ட்டை எண்ணெய் பிரிக்கும் தொட்டியில் ஊற்றினால் அப்படியே மறுபக்கம் வழிந்து போகும். தனிப் பேரலில் சேர்த்து, அதற்கென்று அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்க்ராப் குவியலையும் மறந்துவிடக் கூடாது. கூலன்ட்டில் நனைந்த இரும்புச் சீவலை வெட்டவெளியில் கொட்டி வைத்தால், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். கூரைக்குக் கீழே, அடியில் வடிந்து தேங்கும்படி ஒரு தட்டு வைத்துச் சேர்க்க வேண்டும். வடிந்து சேரும் கூலன்ட்டை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

கசிவு எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் ரப்பரில். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்கும் ஆயில் சீலும் சூட்டில் விறைத்துப் போகும். ஹைட்ராலிக் எண்ணெயின் சூடு 82 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான சீல்களின் ஆயுள் வேகமாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கூலரில் தூசி அடைத்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் அடுத்த சில மாதத்தில் திரும்பக் கசியும். அடுத்து, ஹோஸ். மெஷின் பாடியில் உரசும் இடத்திலும், இரும்பு முனையோடு சேரும் கழுத்திலும் முதலில் வியர்க்கும், பிறகு சொட்டும், ஒரு நாள் வெடிக்கும். வியர்க்கும்போதே மாற்றிவிட்டால் ஒரு ஹோஸ் காசு. வெடித்தால் பவர்பேக்கில் (பம்பும் எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்த பகுதி) இருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சில நிமிஷத்தில் தரையில்.

நம்ம ஆட்கள் அடிக்கடி செய்யும் தப்பு ஒன்று உண்டு: கசிகிற ஜாயின்ட்டை இன்னும் இறுக்குவது. ஓரளவுக்கு மேல் இறுக்கினால் சீல் நசுங்கும், மரை போகும், கசிவு கூடும். அதே மாதிரி நேர் மரைக்கு (கூம்பாகக் குறுகாத மரை) டெஃப்லான் டேப் சுற்றுவது. அந்த மரையில் எண்ணெயைத் தடுப்பது மரை இல்லை, அடியில் உட்காரும் டவுட்டி வாஷர், அதாவது ரப்பர் ஒட்டிய உலோக வளையம். டேப்பின் துணுக்கு வால்வுக்குள் போய் மாட்டி வேறு தொல்லை கொடுக்கும்.

கியர்பாக்ஸில் கசிவு என்றால் சீலைத் தொடுவதற்கு முன் மேலே இருக்கும் பிரீதரைப் பாருங்கள். அது காற்று போய் வருவதற்கான சின்ன மூடி. பெயின்ட் அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்து அடைத்திருப்பார்கள். உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றி வைத்தாலும் இதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளைக் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 150, 200 பார் அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். வலி இல்லை என்றாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேடத் தூரத்தில் நின்று ஒரு நீளக் குச்சியில் அட்டையைச் செருகிக் காட்டினால் போதும், அட்டை நனையும். சரிசெய்வதற்கு முன் மெஷினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும்.

தட்டு வைத்தால் போதுமா?

எல்லாக் கசிவையும் ஒரே நாளில் நிறுத்த முடியாது. அதனால் அடியில் டிரிப் டிரே, அதாவது சொட்டுத் தட்டு வைக்கிறோம். உள்ளே, கூரைக்குக் கீழே, அது நன்றாக வேலை செய்யும். வெளியே வைத்தால் அதுவே தொல்லை. 5 சென்டிமீட்டர் உயரமுள்ள தட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும், 50 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். மே மாத மாலையிலோ செப்டம்பரிலோ பெங்களூரில் அப்படிப் பெய்வது புதிதல்ல. நிரம்பும்போது முதலில் வழிவது எது? மழைத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த எண்ணெய் மேலே மிதந்து, விளிம்பைத் தாண்டி முதலில் வெளியேறும். ஆறு மாதக் கசிவை ஒரே மாலையில் காலுவேயில் கொட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வெளியே இருக்கும் ஜெனரேட்டர், கம்ப்ரஸர், பழைய எண்ணெய்ப் பேரல் எதுவானாலும் முதல் செலவு கூரைத் தகடுக்கு. தட்டு, தொட்டி எல்லாம் அப்புறம்.

பேரல்கள் இருக்கும் இடத்தைச் சுற்றிக் குட்டையாக ஒரு சுவர் கட்டுவார்கள். பண்ட் என்று சொல்வது. உள்ளே இருக்கும் கலன்களில் பெரியது எதுவோ, அதன் கொள்ளளவில் 110 சதவீதம் அந்தச் சுவருக்குள் அடங்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 210 லிட்டர் பேரல் என்றால் 231 லிட்டர். சுவரில் வால்வு வைத்திருந்தால் அது எப்போதும் மூடியே இருக்க வேண்டும். திறந்து கிடக்கும் வால்வோடு எத்தனையோ பண்ட் பார்த்திருக்கிறேன். அது வெறும் அலங்காரச் சுவர்.

கடைசித் தடுப்பு, எண்ணெய் பிரிக்கும் தொட்டி. மெக்கானிக் ஷெட்டுகளில் ஆயில் டிராப் என்பார்கள். மூன்று அறை, முதல் அறையில் மண்ணும் சேறும் படியும், இரண்டாவதில் எண்ணெய் மேலே சேரும், மூன்றாவதிலிருந்து தெளிந்த தண்ணீர் போகும். அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் திறப்பு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், தண்ணீர் அடிவழியாகப் போகும், எண்ணெய் இந்தப் பக்கமே தங்கும். மேலே திறப்பு வைத்துக் கட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ். தொட்டியில் 1,000 லிட்டர் கொள்ளும், மணிக்கு 1,000 லிட்டர் வருகிறது என்றால் தண்ணீருக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைக்கிறது, பெரிய சொட்டுகள் மேலே வந்துவிடும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரையும் இதிலேயே திருப்பிவிட்டால் அந்த ஓய்வு சில நிமிஷமாகச் சுருங்கி, பிடித்து வைத்ததும் அடித்துக்கொண்டு போகும். கூரைத் தண்ணீருக்கு வேறு வழி போட வேண்டும். சேர்ந்த எண்ணெயை வாரா வாரம் வழித்து எடுக்காத தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் பக்கத்து வடிகால் வாயை மண் மூட்டையால் அடையுங்கள். எண்ணெயைத் துடைப்பது அடுத்த வேலை. பிறகு மரத்தூள் அல்லது பனியன் வேஸ்ட் போட்டு உறிஞ்சி, அள்ளி எடுக்க வேண்டும். மரத்தூள் எண்ணெயைப் போலவே தண்ணீரையும் குடிக்கும். அதனால் தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்க்கு அது சரிவராது. அதற்குப் பாலிப்ரொப்பிலீன் பேடு கிடைக்கிறது, தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சும். உறிஞ்சிய மரத்தூளும் துணியும் குப்பை வண்டிக்குப் போகக் கூடாது, பட்டறைக்குப் பின்னால் எரிக்கவும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பழைய எண்ணெயும் எண்ணெய் பட்ட கழிவும் அபாயகரக் கழிவுதான். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, மேனிஃபெஸ்ட் (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் படிவம்) நகலை வாங்கிவைக்க வேண்டும். சைக்கிளில் கேனோடு வந்து லிட்டருக்குக் கூடுதலாகக் காசு தருகிறவரிடம் கொடுத்தால் அது கான்கிரீட் போட அச்சாக வைக்கும் சென்ட்ரிங் தகட்டில் தடவப்பட்டு, அடுத்த மழையில் வேறொரு காலுவேக்குத்தான் போகும்.

வீட்டிலும் அபார்ட்மென்ட்டிலும்

போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: வாட்டர் ஃபில்டா, ஆயில் ஃபில்டா? மோட்டாருக்குள் நிரப்பியிருக்கும் திரவம் அது. ஆயில் ஃபில்ட் மோட்டாரில் சீல் தேய்ந்தால் அந்த எண்ணெய் நேராகக் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வரும். நாலு அங்குல போரில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. குடிதண்ணீர் என்றால் நான் வாட்டர் ஃபில்ட்தான் சொல்வேன். ஏற்கெனவே ஆயில் ஃபில்ட் இருந்து, ஒரு நாள் டேங்கில் படலமோ வாசனையோ தெரிந்தால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பயனில்லை, அது கிருமிக்கு. மிதப்பதைத் துணியாலோ பேடாலோ ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம்தான் டேங்கைக் காலி செய்து தேய்க்க வேண்டும். முதலிலேயே திறந்துவிட்டால் குழாய் முழுக்க எண்ணெய் பூசிக்கொள்ளும்.

அபார்ட்மென்ட்டில் கவனிக்க வேண்டியது பேஸ்மென்ட். ஜெனரேட்டரின் டீசலும் எண்ணெயும், காரிலிருந்து சொட்டுவதும், ஹைட்ராலிக் லிஃப்ட் என்றால் அதன் குழியில் சேருவதும் கடைசியில் மழைத் தண்ணீர் தேங்கும் சம்ப் குழிக்கு வரும். அங்கே ஃப்ளோட் (தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் மிதவை) வைத்த பம்ப் ஒன்று, யாரும் பார்க்காத நேரத்தில் தானாக ஓடி, எல்லாவற்றையும் ரோட்டோர வடிகாலுக்கு ஏற்றிவிடும். பம்ப் அடியிலிருந்து உறிஞ்சுகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. அதனால் குழி முழுசாகக் காலியாகும் முன்பே, பம்பின் வாய்க்கு ஓரடி மேலே தண்ணீர் இருக்கும்போதே நிற்கும்படி ஃப்ளோட்டை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் படலம் குழியிலேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, பேடு போட்டு அதை எடுத்து, ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் போகும் அதே வழியில் அனுப்பிவிடலாம்.